பதினான்காம் பத்தி

இரவு பன்னிரண்டே கால்.
பொன்னம்மாபேட்டையில் நாய்கள்கூட ஓய்ந்துவிட்டன.
திரையில் பதினோரு சதுரங்கள்:
ரெய்க்யவிக்கில் அணைய மறுக்கும் பகல்,
நைரோபியில் டியூப் லைட்,
மொண்டேவிடியோவில் கிரசியேலா
கசப்பு இலைத் தண்ணீரைக் குழலால் உறிஞ்சுகிறாள்.
கம்பெனிகளின் சார்பில் ஒரு கறுப்புச் சதுரம்,
முகமில்லை.

நாங்கள் எழுதுவது ஒரே ஒரு பத்தி.
செயற்கை அறிவு ஒரு பதில் சொல்லக்
குடிக்கிற தண்ணீரை, எரிக்கிற மின்சாரத்தை
எல்லா நாடும் ஒரே கோலால்
அளக்கவும் குறைக்கவும் வேண்டும் என்கிற பத்தி.
ஒத்துவராத சொல்லைச்
சதுர அடைப்புக்குறிக்குள் வைப்பது வழக்கம்.
எட்டு மாதமாய் உள்ளே சம்மணமிட்டிருக்கிறது
‘இயன்றவரை’.

ஒரு பதிலுக்குச் சில துளிதான்,
சராசரியாக, என்றாள் சிக்ரூன்.
யாருடைய சராசரி, என்றான் ஒச்சியெங்.
பனியில் தானாய்க் குளிரும் இயந்திரத்துக்கும்
வெயிலில் குளிர்விக்க வேண்டிய இயந்திரத்துக்கும்
நடுவில் ஒரு சராசரி உண்டு.
அங்கே யாரும் குடியிருப்பதில்லை.

நான் வாய் திறந்தேன்.
தெருக்குழாய் இருமியது.

ஒன்பது நாள் கழித்து!
முதலில் காற்று, பிறகு துருநிறத்தில் ஒரு வாய்,
அப்புறம் மேட்டூரிலிருந்து வந்த காவிரி.
“அக்கா, தண்ணி!” பர்வீன் கதவை இடித்தாள்.
எந்த மொழியிலும் மன்னிப்புக் கேட்காமல் ஓடினேன்.
மைக்கை அணைக்கவில்லை.

நீல டிரம், பச்சை டிரம்,
மூடி உடைந்த பெயின்ட் வாளி,
ஏழு பிளாஸ்டிக் குடம், ஒரு சில்வர் குடம்,
கடைசியாய் ஆறு கூல்டிரிங்க்ஸ் பாட்டில்.
இருட்டில் குடத்தைப் பார்க்கவேண்டாம்.
சத்தம் மெலிந்து மெலிந்து
கழுத்துக்கு ஏறும்போது கை தானாய் நகரும்.

பாதியில் தாரை நூலானது.
கோடி வீட்டில் குழாயோடு மோட்டாரைச் சேர்த்துவிட்டார்கள்.
எந்த வீடென்று தெரியும்.
மீட்டர்தான் கிடையாது.
பர்வீன் தெருவில் நின்று
அந்த வீட்டின் மூன்று தலைமுறையையும் கழுவினாள்
தண்ணீரில்லாமலே.

நைட்டி முழங்கால்வரை நனையத் திரும்பினேன்.
பதினோரு சதுரமும் மௌனம்.
இருபத்தாறு நிமிடம் கேட்டிருக்கிறார்கள்.
ஒச்சியெங் எண்ணியிருந்தான்: பதினேழு பாத்திரம், சரியா?
சரி.
கூட்டத்தை மொழிபெயர்க்கும் இயந்திரம்
பர்வீனையும் விடவில்லை.
‘பொறம்போக்கு’ என்று அவள் விட்டதை
‘பொதுநிலம்’ என்று போட்டிருந்தது.
கிரசியேலா கவலையோடு கேட்டாள்:
பொதுநிலத்துக்கு மோட்டார் போட்டது யார்?

சிரித்து முடிக்க நேரம் பிடித்தது.
பிறகு அவள் சொன்னாள்,
ஒரு கோடையில் எங்கள் குழாயில் உப்பு வந்தது.
யாரும் பதில் சொல்லவில்லை.

சன்னலுக்கு வெளியே
ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் ஒரு விளக்கு
மறைந்து மறைந்து ஏறியது.
அந்த மலையின் நெற்றியைச் சீவி
பாக்சைட் இறக்கிய லாரியில் என் அப்பா கிளீனர்.
லோடுக்கு ஒரு கோடு, சிகரெட் அட்டையில்.
அட்டை மழையில் ஊறிப்போயிற்று.
அவருக்கு அவ்வளவுதான் இயன்றது, என்றேன்.
உங்களிடம் மழைக்கு ஊறாத அட்டை இருக்கிறது.

கறுப்புச் சதுரம் முதன்முறையாக இருமியது.
தெருக்குழாய் மாதிரியே.

விடியும்போது
அடைப்புக்குறி கொஞ்சம் நகர்ந்திருந்தது.
‘அளக்க’ வெளியே வந்துவிட்டது.
‘குறைக்க’ இன்னும் உள்ளே,
இயன்றவரையின் தோளில் கைபோட்டபடி.
வெற்றியா என்று சிக்ரூன் கேட்டாள்.
மீட்டர் வைத்திருக்கிறோம், என்றேன்,
மோட்டாரைக் கழற்றவில்லை.

எல்லோரும் போனபின்
கூட்டக் குறிப்பைத் தொகுத்துத் தரச்சொல்லி
இயந்திரத்திடமே கேட்கப்போனது விரல்.
சில துளிதான். சராசரியாக.
தூக்கம் கண்ணைச் சுழற்றியது.
கேட்டுவிட்டேன்.

பிறகு எழுந்துபோய்
நீல டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்தேன்,
குறைந்திருக்கிறதா என்று.